கருந்தட்டுக் காலம் – 9: பாடியவன் போன பிறகு

இதுவரை: 1902 நவம்பரில் கல்கத்தாவில், ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் வைத்திருந்த குழாயின் முன் நின்று கௌஹர் ஜான் பாடினார். அந்தப் பாட்டு மெழுகுத் தட்டாகக் கப்பலேறி, ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் அச்சாகித் திரும்பி வந்தது. ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. சிறைக்குப் போன அதே 1908இல் கல்கத்தா சியால்தாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை வந்தது. 1922 நவம்பரில் புதுச்சேரியில் சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் அவர். அவர் எழுதிய நாடகப் பாட்டுகளைத் தட்டுக் கம்பெனிகள் தேடத் தொடங்கிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

* * *

1933, டிசம்பர் 2

எஸ்.ஜி. கிட்டப்பா இறந்துபோனார். வயது இருபத்தேழு.

செங்கோட்டையில் 1906இல் பிறந்தவர். பால்மணம் மாறுமுன்பே அண்ணன்மாரோடு மேடை ஏறியவர். சங்கரதாஸ் சுவாமிகளின் கம்பெனியில் பாடம் கேட்டு, பிறகு கன்னையா கம்பெனியில் பேரெடுத்தவர். மேடையில் ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டும். கிட்டப்பாவின் குரல் எட்டியது. அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் எந்த உயரத்துக்குப் போனாலும் தம்பியின் குரல் அங்கே போய் நின்றது.

அவருடைய மனைவி கே.பி. சுந்தராம்பாள், கொடுமுடிக்காரர், மேடையில் அவருக்கு நிகரான பாடகி. கணவர் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை. மேடையை விட்டு ஒதுங்கினார். பிறகு 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில், நந்தனாராகவே திரும்பி வந்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்.

கிட்டப்பாவுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31இல் வெளியானது. நாடக நடிகர்களைப் படக் கம்பெனிகள் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் எல்லோரையும்விடப் பேர் பெற்றிருந்தவர் போய்விட்டார். அவர் ஓடுவதும் திரும்புவதும் வேலைப் பிடித்து நிற்பதும் எந்தப் படச்சுருளிலும் இல்லை.

மிஞ்சியவை சில புகைப்படங்கள், பார்த்தவர்களின் பேச்சு, பத்து அங்குல அகலத்தில் கொஞ்சம் கருந்தட்டுகள்.

பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். தட்டுகள் நின்றன.

* * *

விடிய விடியப் பாடியது மூன்று நிமிடத்துக்குள்

தட்டு எதைக் காப்பாற்றியது, எதை வெட்டி எறிந்தது என்பதைப் பார்க்க வேண்டுமானால் கரிசல் காட்டு நாடகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அறுப்பு முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் பருவம். அம்மன் கோயில் கொடை. ஊர்ப் பொட்டலில் மேடை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மோனியக்காரர் கட்டையை மிதிப்பார். 'வள்ளி திருமணம்' என்றால் வள்ளியும் வேலனும் தினைப்புனத்தில் சந்திப்பதற்கே நடுச்சாமம் ஆகிவிடும். விருத்தம், அதன்மேல் ஒரு ராக ஆலாபனை, பிறகு பாட்டு, பிறகு தர்க்கம். சபையில் ஒருவர் "இன்னொருக்க!" என்று குரல் கொடுத்தால் பாட்டு மறுபடி முதலிலிருந்து. ஸ்பெஷல் நாடகம் என்பதே அப்படித்தான். வெவ்வேறு ஊரிலிருந்து வந்த நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்திப்பார்கள். ஒருவரை ஒருவர் மடக்கப் பார்ப்பார்கள். கோழி கூவும்போதுதான் திருமணம்.

தட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் பள்ளம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். அதற்குள் எடுத்து, பாடி, முடிக்க வேண்டும்.

முதலில் பலியானது ஆலாபனை. அடுத்தது ஆர்மோனியக்காரரின் முன்வாசிப்பு. "இன்னொருக்க" என்ற குரலுக்குப் பதிவு அறையில் இடமே இல்லை. நாடகத்தை விட மனமில்லாத கம்பெனிகள் 'செட்' என்று ஒரு வழி கண்டன. முழு நாடகத்தையும் சுருக்கி, பல தட்டுகளில் பங்கு போட்டு, ஒன்றாகக் கட்டி விற்றார்கள். வீட்டில் ஒருவர் தட்டைத் திருப்பிப் போடவும், பெட்டிக்குச் சாவி கொடுக்கவும், ஊசியை மாற்றவுமாக நாடகம் முழுக்க வேலையாக இருப்பார்.

ஆனால் அந்த நெருக்கடியில் ஒரு புதுப் பண்டம் பிறந்தது. நாடகத்திலிருந்து கழன்று, கதை தெரியாதவனும் கேட்கக்கூடிய, தனக்கென்று ஒரு தொடக்கமும் முடிவும் உள்ள பாட்டு. கிட்டப்பாவின் 'காயாத கானகத்தே' வள்ளி திருமணத்தின் ஒரு காட்சி. தட்டில் ஏறியபோது அது தனிப்பாட்டு. அதே குரலில் வள்ளலாரின் 'கோடையிலே இளைப்பாற்றி'யும் தியாகராஜரின் 'எவரனி'யும் தட்டாக வந்தன. நாடகம், பக்தித் துதி, சபைக் கச்சேரி என்று தனித்தனியாக இருந்த மூன்றையும் ஒரே பெட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க முடிந்தது.

1925இல் வந்த மின்சார ஒலிப்பதிவும் கைகொடுத்தது. அதற்கு முன் பாடகர் ஒரு தகரக் குழாய்க்குள் தலையை நுழைத்துக் கத்த வேண்டியிருந்தது. மைக் வந்ததும் குரலின் நுணுக்கங்களும் பள்ளத்தில் விழத் தொடங்கின. கிட்டப்பாவின் புகழ்க்காலமும் மைக்கின் முதல் பத்தாண்டும் ஒன்றாக அமைந்தது தமிழ் ரசிகனின் அதிர்ஷ்டம்.

* * *

இன்னொரு பருத்திச் சீமை

இதே ஆண்டுகளில் உலகின் மறுபக்கத்தில் இன்னொரு பருத்திக் காட்டிலிருந்து தட்டுகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டா. கறுத்த வண்டல் மண், கண்ணுக்கு எட்டியவரை பருத்தி. கோவில்பட்டி ஜின்னிங் ஆலைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஊர் அந்நியமாக இருக்காது. 1860களில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு பருத்தி வரத்து நின்றபோது இங்கே திருநெல்வேலிப் பருத்திக்கு விலை ஏறியது. அவ்வளவு நெருக்கம். அந்தக் காட்டில் அடிமைகளாகவும், பிறகு வாரக் குடிகளாகவும் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டுக்குப் பெயர் ப்ளூஸ். நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் பித்தளை வாத்தியங்களோடு அது சேர்ந்து உண்டானதில் ஒன்று ஜாஸ். இடது கை ரயில் ஓடுவதுபோல் ஒரே தாளத்தில் உருள, வலது கை பியானோவில் விளையாடும் வகை பூகி-ஊகி.

1917 பிப்ரவரியில் விக்டர் கம்பெனி முதல் ஜாஸ் தட்டைப் பதிந்தது. வாசித்தவர்கள் வெள்ளையர். 1920 ஆகஸ்டில் மாமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி 'கிரேஸி ப்ளூஸ்' பாடினார். அது விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு உறைத்தது. அவரும் மேடைப் பாடகிதான். அடுத்து வந்த மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் இருவரும் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் பாடியவர்கள். அங்கும் தட்டுக்கு முதல் குரல் கொடுத்தது நாடக மேடை.

யாரைப் பதிவது என்று தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள். இரண்டு நாட்டிலும் இது ஒன்றுபோலவே நடந்தது.

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் எச்.சி. ஸ்பியர் என்பவர் இசைக்கடை வைத்திருந்தார். கடைக்கு வரும் கறுப்பின வாடிக்கையாளர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. சார்லி பேட்டன், ஸ்கிப் ஜேம்ஸ் போன்றவர்களைக் கேட்டுப் பார்த்துக் கம்பெனிகளுக்கு அனுப்பியவர் அவரே. அவர்களைப் பதிந்த பாரமவுண்ட் நிறுவனத்தின் தாய்க் கம்பெனி விஸ்கான்சினில் நாற்காலி செய்து விற்றது. கிராமபோன் பெட்டி செய்தவர்கள், பெட்டி விற்க வேண்டுமே என்று தட்டும் போட்டார்கள்.

இங்கே காரைக்குடி. ஆவிச்சி செட்டியாரின் 'ஏ.வி. அண்ட் சன்ஸ்' கடையில் இசைத்தட்டும் விற்பனைக்கு இருந்தது. மகன் மெய்யப்பன் எந்தத் தட்டு ஓடுகிறது, எது தூங்குகிறது என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தே கற்றார். தட்டை வாங்கி விற்பதற்குப் பதில் நாமே தயாரித்தால் என்ன என்று 1932இல் சென்னையில் கூட்டாளிகளோடு 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' தொடங்கினார். ஓடியன் தட்டுகள் அங்கிருந்து வந்தன. பின்னாளைய ஏவி.எம். படநிறுவனத்துக்கு வேர் இந்தத் தட்டுக்கடை.

சபாக்காரரோ வித்வானோ தேர்ந்தெடுத்திருந்தால் தட்டில் ஏறியிருப்பவர்கள் வேறு. விற்கிறவன் காது தேர்ந்தெடுத்ததால்தான் நாடகக்காரனும் பருத்திக்காட்டுப் பாடகனும் உள்ளே வந்தார்கள்.

* * *

மேடையில் ஒரு பெட்டி

1936 நவம்பர் 18. தூத்துக்குடியில் வ.உ.சி. கண்மூடினார்.

ஐந்து நாள் கழித்து, நவம்பர் 23. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரம், கன்டர் ஹோட்டல். ஓர் அறையில் பதிவுக் கருவிகள். இருபத்தைந்து வயதுள்ள மெலிந்த இளைஞன் கிதாரோடு உட்கார்ந்தான். பெயர் ராபர்ட் ஜான்சன். ஜாக்சன் கடைக்காரர் ஸ்பியர் மூலமாக வந்தவன். அந்த வாரத்திலும் அடுத்த ஆண்டு ஜூனில் டல்லாஸ் நகரிலும் அவன் பதிந்தவை மொத்தம் 29 பாட்டுகள். அவற்றில் 'டெர்ராப்ளேன் ப்ளூஸ்' மட்டும் ஓரளவு விற்றது.

1938 ஆகஸ்ட் 16. மிசிசிப்பியின் கிரீன்வுட் பக்கத்தில் ஜான்சன் இறந்துபோனான். வயது இருபத்தேழு.

அந்தச் சாவு பெரிய பத்திரிகை எதிலும் செய்தியாகவில்லை. நியூயார்க்கில் ஒருவருக்கு அவன் உயிரோடு தேவைப்பட்டான்.

ஜான் ஹாமண்ட், பணக்கார வீட்டுப் பிள்ளை, தட்டுப் பைத்தியம். அதற்குச் சில ஆண்டு முன்பு 'ஹாங்கி டாங்க் டிரெய்ன் ப்ளூஸ்' என்ற பாரமவுண்ட் தட்டு அவர் கையில் கிடைத்திருந்தது. 1927இல் பதிந்த பூகி-ஊகி பியானோ. வாசித்தவர் மீட் லக்ஸ் லூயிஸ். அந்த ஆள் எங்கே? ஹாமண்ட் விசாரித்துக்கொண்டே இருந்தார். 1935இல் ஆள் கிடைத்தார், சிகாகோவில் கார் கழுவும் இடத்தில். அவரைக் கூட்டிவந்து அதே பாட்டை மறுபடி வாசிக்க வைத்துப் பதிந்தார்.

எட்டு வருடம் பழைய ஒரு தட்டு, மறந்துபோன ஒரு மனிதரை உயிரோடு மீட்டுக் கொடுத்திருந்தது. அந்தத் தெம்பில்தான் ஹாமண்ட் பெரிய வேலையில் இறங்கினார். கறுப்பின மக்களின் இசையை, துதிப்பாட்டிலிருந்து ஸ்விங்வரை, நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் ஒரே ராத்திரியில் மேடை ஏற்றுவது. பட்டியலில் ராபர்ட் ஜான்சன் பெயரும் இருந்தது. ஆள் அனுப்பினார். பதில் வந்தது: ஜான்சன் இறந்துவிட்டான்.

1938 டிசம்பர் 23. மண்டபம் நிறைந்திருக்கிறது. பூகி-ஊகி பியானோக்காரர்கள் மூவர், மீட் லக்ஸ் லூயிஸ், ஆல்பர்ட் அம்மன்ஸ், பீட் ஜான்சன், தயாராக இருக்கிறார்கள். இறந்தவனுக்குப் பதிலாகப் பாட பிக் பில் புரூன்சி வந்திருக்கிறார்.

ஹாமண்ட் அதோடு விடவில்லை. மேடையில் ஒலிபரப்பும் பெட்டியை வைத்தார். ராபர்ட் ஜான்சனின் தட்டுகளைச் சபைக்குப் போட்டுக் காட்டினார்.

ஆள் இல்லாத கச்சேரி. டிக்கெட் வாங்கி வந்த சபை ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டது.

கிட்டப்பா இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கரிசல் கிராமங்களில் கல்யாண வீட்டுப் பந்தலிலும் கொடையிலும் அவர் குரல் அதேபோல் ஆளில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. இங்கே அதற்குக் கார்னகி மண்டபம் தேவைப்படவில்லை.

* * *

தட்டு தேடிகள்

பாடியவன் போய், கம்பெனியும் கைவிட்ட பிறகு தட்டு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் கம்பெனிகள் கைவிட்டதற்குக் காரணம் பொருளாதார வீழ்ச்சி. 1927இல் ஏறத்தாழ 10 கோடியாக இருந்த தட்டு விற்பனை 1932இல் 60 லட்சத்துக்குச் சரிந்தது. பாரமவுண்ட் பதிவை நிறுத்திவிட்டது. விற்காத தட்டுகள் குப்பைக்குப் போயின.

அந்தக் குப்பையைக் கிளறியவர்கள் சாதாரண மனிதர்கள். நியூயார்க் புரூக்ளினில் ஒரு விடுதி அறையில் தனியாகக் குடியிருந்தார் ஜேம்ஸ் மெக்கூன். கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகளில் தட்டுகள். 1944 ஜனவரியில் சார்லி பேட்டனின் தேய்ந்த தட்டு ஒன்று அவர் கைக்கு வந்தது. அதுவரை சேகரிப்பாளர்கள் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸையே பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒற்றைக் கிதாரோடு பாடும் நாட்டுப்புற ப்ளூஸை யாரும் சட்டை செய்யவில்லை. மெக்கூன் நண்பர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து ஊசியை வைத்தார். அந்தச் சிறு கூட்டத்தின் ரசனைதான் பிறகு உலகம் முழுவதும் 'ப்ளூஸ்' என்றால் எது என்பதைத் தீர்மானித்தது.

பேச்சு வெறும் ரசனைப் பேச்சாக நிற்கவும் இல்லை. பாரிசில் ஷார்ல் தெலோனே 1936இலேயே ஜாஸ் தட்டுகளுக்கு முறையான அட்டவணை போட்டுப் புத்தகமாக வெளியிட்டார். யார் வாசித்தது, எந்த நாள், எந்த ஊர், எத்தனையாவது முயற்சி. இதற்கெல்லாம் சாட்சி தட்டிலேயே இருக்கிறது. லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிறு எண்கள் தெரியும். பதிவின் வரிசை எண் அது. லேபிளில் அச்சிட்டது தப்பாக இருக்கலாம். மெழுகில் கீறியது பெரும்பாலும் பொய் சொல்லாது. அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு தட்டுகள் சேர்ந்தால் தேதி தெரியாத பதிவுக்கும் தேதி கிடைத்துவிடும்.

இன்னொரு ஓயாத வாதம் வேகம். 78 என்று பேர், ஆனால் பதிவுக் கருவி சரியாக 78இல்தான் ஓடியது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 78க்குப் பதில் 82, 83 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். ராபர்ட் ஜான்சனின் உண்மையான குரல் இன்னும் கனமானதா என்று இன்றுவரை சண்டை. கட்டைக் கணக்கில் பாடகனை அளக்கும் தமிழ் நாடக ரசிகனுக்கு இந்தச் சண்டையின் சூடு தெரியும்.

இந்தியாவில் இந்த வேலை மெள்ளத்தான் சூடுபிடித்தது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் 78 வேகத் தட்டுகளைத் தனி மனிதராகச் சேர்த்தார். சேர்த்ததோடு நில்லாமல் எழுதினார், பேசினார், போட்டுக் காட்டினார். 1990இல் மும்பையில் இந்தியத் தட்டுச் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. மைக்கேல் கின்னியர் 1908 வரையிலான முதல் இந்தியப் பதிவுகளுக்கு 1994இல் அட்டவணை தந்தார். அதே 1994இல், கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரத்தைக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது.

ஆனால் அதற்குள் போனது எவ்வளவு?

* * *

அரக்கு

தட்டின் உயிர்ச்சரக்கு அரக்கு. பாண்டவரை எரிக்கக் கௌரவர் மாளிகை கட்டிய அதே அரக்கு. புரசு மரத்திலும் இலந்தையிலும் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரப்பது. சோட்டா நாகபுரிக் காடுகளில் ஆதிவாசிகள் சுரண்டி எடுப்பது. அதோடு கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்தினால் தட்டு. மிசிசிப்பிக்காரன் பாட்டும் செங்கோட்டைக்காரன் பாட்டும் இந்தியக் காட்டுப் பூச்சியின் பிசினில்தான் பதிந்திருந்தன.

1942இல் போர் கிழக்கே பரவியதும் அரக்குக் கப்பல்களின் வழி அபாயமானது. அந்த ஏப்ரலில் அமெரிக்க அரசு, தட்டுக் கம்பெனிகள் பயன்படுத்தும் அரக்கில் 70 சதவீதத்தை வெட்டியது. பழைய தட்டுகளைக் கொண்டுவந்து கொடுங்கள், அரைத்துப் புதுத் தட்டு போடலாம் என்று வீடு வீடாகத் திரட்டினார்கள். அரைபட்டவற்றில் எத்தனை கடைசிப் பிரதிகளோ. ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் வேறு தொடங்கியது.

அதே சமயம் கல்கத்தாவில் நிலைமை தலைகீழ். கிராண்ட் ஹோட்டலில் டெடி வெதர்ஃபோர்டு என்ற கறுப்பினப் பியானோக்காரர் வாத்தியக் குழு நடத்திக்கொண்டிருந்தார். 1920களில் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு வாசித்தவர். ஷாங்காய், பம்பாய் எல்லாம் சுற்றி அங்கே வந்து சேர்ந்திருந்தார். அமெரிக்காவில் பதிவே நின்றுபோன மாதங்களில் அவர் கல்கத்தாவில் கொலம்பியா கம்பெனிக்குத் தட்டு பதிந்தார். 1945 ஏப்ரலில் காலரா அவரைக் கொண்டுபோனது. வயது நாற்பத்தொன்று. அந்தத் தட்டுகளைத்தான் இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியப் பழஞ்சந்தைகளில் தேடுகிறார்கள்.

அதே 1945இல் ஏவி.எம்.மின் 'ஸ்ரீ வள்ளி' வெளியானது. முருகனாக நடித்த டி.ஆர். மகாலிங்கம் 'காயாத கானகத்தே' பாடினார். கிட்டப்பாவின் பாணி அச்சு அசலாக அதில் இருந்தது. சுவாமிகளிடமிருந்து கிட்டப்பாவுக்கு வாய்வழியாக வந்த பாட்டு, கிட்டப்பாவிடமிருந்து அடுத்த தலைமுறைக்குத் தட்டுவழியாகப் போனது. ஊசி வாத்தியாராகிவிட்டது. அமெரிக்காவில் 1961இல் ராபர்ட் ஜான்சனின் பாட்டுகள் நெடுந்தட்டாக வந்தபோது, இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன், கீத் ரிச்சர்ட்ஸ் போன்ற இளைஞர்களுக்கு நேர்ந்ததும் இதேதான்.

நம் கிராமங்களில் தட்டை அழித்தது போர் அல்ல. ஒரு பாட்டுக்கு ஓர் ஊசி என்று மாற்ற வேண்டிய எஃகு ஊசியை, சிக்கனம் பார்த்து மழுங்க மழுங்க ஓட்டினார்கள். சித்திரை வெயிலில் வண்டியில் கிடந்த தட்டு வளைந்தது. ரேடியோ செட்டுக்காரர் புதுப் படத்துப் பாட்டு வந்ததும் நாடகத் தட்டைக் கட்டி ஓரமாக வைத்தார். கேசட் வந்ததும் அந்தக் கட்டு பரணுக்குப் போனது. பரணிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு.

* * *

தட்டில் ஏறாதவர்கள்

நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் ஜாஸின் முதல் மனிதன் என்று சொல்லும் பெயர் பட்டி போல்டன். அவர் கார்னெட் வாசித்தால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்குமாம். 1907இல் மனநோய் மருத்துவமனைக்குப் போய், 1931இல் அங்கேயே இறந்தார். அவர் குழுவில் இருந்த வில்லி கார்னிஷ், நாங்கள் ஒரு மெழுகு உருளையில் பதிந்தோம் என்று சொல்லிவிட்டுப் போனார். 1939இலிருந்து அந்த உருளையைத் தேடுகிறார்கள். இன்னும் அகப்படவில்லை.

கரிசலுக்கும் அப்படி ஒருவர் உண்டு. விளாத்திகுளம் சுவாமிகள் என்ற நல்லப்ப சுவாமிகள். சாகித்தியம் இல்லாமல் ராகத்தை மட்டுமே மணிக்கணக்கில் பாடக்கூடியவர். கரகரப்பிரியாவில் அவருக்கு இருந்த பிடிப்பை இன்றும் பேசுவார்கள். இடைசெவல் இரட்டையர் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவர்மேல் பித்தாக இருந்தவர்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தோடு தட்டேறி உலகத் தமிழர் வீடெல்லாம் போனது. சுவாமிகளின் பெயரை நிறுத்திவைத்திருப்பது தட்டல்ல, கேட்டவர்களின் எழுத்து. மூன்று நிமிடத்துக்குள் அடங்காத பாட்டை அவர் எந்த இடத்தில் வெட்டியிருப்பார்?

எட்டயபுரத்துக்காரர் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. தன் பாட்டைத் தானே கணீரென்று பாடியவர். 1921 செப்டம்பரில் அவர் இறந்தபோது பதிவுக் கருவிகள் சென்னைக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலம்தான். பாரதியின் குரல் ஒரு வரிகூட நமக்கு இல்லை.

பாட்டு இருந்தது. அதைப் பாடத் தட்டுக் கம்பெனிகளுக்கு ஆட்களும் இருந்தார்கள். அங்கேதான் பாட்டின் உரிமை யாருக்கு என்ற கணக்கு உதித்தது.

ராபர்ட் ஜான்சனின் முழுப் பதிவுகளும் 1990இல் பெட்டியாக வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றபோது அந்தப் பணம் யாருக்கு என்ற வழக்கு மிசிசிப்பி உச்ச நீதிமன்றம்வரை போனது. ஜல்லி லாரி ஓட்டிப் பிழைத்த கிளாட் ஜான்சன் என்பவர்தான் மகன், அவரே வாரிசு என்று தீர்ப்பானது. பாடியவன் இறந்து அறுபது வருடம் ஆகியிருந்தது.

பாரதி விஷயத்தில் நீதிமன்றத்துக்கு முன்பே சந்தை முந்திக்கொண்டது. 1930களில் அவருடைய பாட்டுகளைத் தட்டில் பதியும் உரிமை தனியாகப் பிரித்து எழுதி விற்கப்பட்டது. வாங்கியது இசைக் கம்பெனி அல்ல, சென்னையில் வைர வியாபாரம் செய்த ஒரு குஜராத்தி வீடு. அவர்களிடமிருந்து அதை வாங்கியவர் நாம் ஏற்கெனவே பார்த்த அந்தத் தட்டுக்கடைக்காரர், மெய்யப்பன். 1949இல் அரசாங்கமே குறுக்கே வந்தது.

விடுதலைப் பாட்டு ஒரு வைர வியாபாரியின் இரும்புப் பெட்டிக்குள் எப்படிப் போனது? பாரதியின் பாட்டைத் தன் படத்தில் சேர்த்த ஒரு நாடகக்காரர் மேல் வழக்குப் போடும் அளவுக்குப் போன மெய்யப்பன், பிறகு அந்த உரிமையை எதற்காக விட்டுக்கொடுத்தார்?

(அடுத்த வாரம்)